ஆனி ஆகாது, ஆவணி ஆகாது

நவம்பர் 7, 1917. புதன்

எனக்குப் போட்டியாக இன்னொரு ஆம்பளை வந்திருந்தால், சட்டைக் கையை மடித்துக்கொண்டு போய் 'என்னலே' என்று கேட்டிருப்பேன். வந்திருப்பது ஓட்டு. அதை எங்கே போய் அடிக்க?

நேற்று நியூயார்க் மாகாணத்து ஆம்பளைகள் எல்லாரும் ஓட்டுப்போட்டு, இனிமேல் பொம்பளைகளும் ஓட்டுப்போடலாம் என்று முடிவு செய்துவிட்டார்கள். இன்றைக்குக் காலையில் எங்கள் சலவைக்கூடத்தில் ஒருத்தியும் வேலை பார்க்கவில்லை. இந்த டிராய் ஊரில் சட்டைக் காலர் தைப்பதும் அதைத் துவைத்துக் கஞ்சி போடுவதும்தான் பிழைப்பு. மேல்மாடியில் பெண்கள் கஞ்சி போடுகிறார்கள், அடித்தளத்தில் நான் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடுகிறேன். அவர்கள் மேலே குதித்த குதியில் என் தலையில் சுண்ணாம்பு உதிர்ந்தது.

டெலியா டூலன் படியிறங்கி என்னிடம் வந்தாள். கஞ்சிப் பிரிவில் அவள்தான் மூத்தவள். மூன்று வருஷமாக வேலை முடிந்த கையோடு வீடு வீடாகப் போய், கதவைத் தட்டி, ஓட்டு வேண்டும் ஓட்டு வேண்டும் என்று தொண்டை கிழியப் பேசினவள். ஞாயிற்றுக்கிழமை என்னோடு ஆற்றோரம் நடக்க வருவாள். வழியில் ஒரு வீட்டு ஜன்னலில் ஆள் நடமாட்டம் தெரிந்தால் போதும், "ஒரு நிமிஷம், முத்து" என்று போய்விடுவாள். அந்த ஒரு நிமிஷத்தில் எனக்குக் காதெல்லாம் விறைத்துவிடும்.

இன்றைக்கு வந்தவள், கரி அப்பியிருந்த என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, எல்லார் கண் முன்னாலும் ஒரு முத்தம் கொடுத்துவிட்டாள். தூத்துக்குடியில் இது நடந்திருந்தால் இரண்டு பேரையும் மாதா கோவில் வாசலில் நிறுத்திப் பஞ்சாயத்து வைத்திருப்பார்கள். எங்கள் கொதிகலன் மேஸ்திரி பெப்பே இத்தாலிக்காரன், கையைத் தட்டினான்.

இந்த ஓட்டு வந்ததில் எனக்குச் சந்தோஷமா என்று கேட்டால், எனக்கென்ன வந்தது. ஞாயிற்றுக்கிழமை இனிமேல் முழுசாகக் கிடைக்கும், அவ்வளவுதான்.

நவம்பர் 8

முகத்தில் அந்த ஓர் இடத்தை விட்டுவிட்டு மற்ற இடத்தை எல்லாம் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

பிப்ரவரி 10, 1918. ஞாயிறு

கேட்டுவிட்டேன்! சரி என்று சொல்லிவிட்டாள்! எட்டு வருஷத்துக்கு முன்னால் கப்பலில் கரி தள்ளிக்கொண்டு வந்து இறங்கின இன்னாசிமுத்துவுக்கு இப்படி ஒரு வாழ்வு.

மத்தியானம் அவள் அப்பாவைப் பார்க்கப் போனேன். இரும்பாலையில் உழைத்து ஓய்ந்த மனுஷன். டெலியாவின் அம்மா போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆச்சு, தங்கைகள் இரண்டு பேரும் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள், வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். போன நவம்பரில் பொம்பளைகளுக்கு ஓட்டு வேண்டாம் என்று போய்க் குத்திவிட்டு வந்தவர் அவர். ஒரு வாரம் டெலியா அவருக்கு உப்பில்லாமல் சமைத்துப் போட்டாளாம்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நல்ல கறுப்பா இருக்கே."

"ஆமாய்யா, இருக்கேன்."

"கோவிலுக்குப் போறவனா?"

"எங்க ஊர் பரதவங்க மொத்தப் பேரும் கத்தோலிக்கருதான். சவேரியார் கால் பட்ட மண்ணு."

கிழவருக்கு அது பிடித்துவிட்டது. அப்புறம் முன்னால் குனிந்து, இதுதான் முக்கியம் என்கிற மாதிரி குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "இங்கிலீஷ்காரன் இல்லையே?"

"ஐயய்யோ, இல்லை."

"அப்போ உக்காரு."

அவர் அயர்லாந்தை விட்டு வந்ததே இங்கிலீஷ்காரன் கொடுமை தாங்காமல்தான். தவக்காலம் முடியட்டும், ஜூன் இருபத்திரண்டு வைத்துக்கொள்ளலாம் என்று அவரே நாள் குறித்தார். டெலியா ஜன்னலோரம் நின்று திரைச்சீலையைத் திருகிக்கொண்டிருந்தாள். வெட்கம் என்று நினைக்கிறேன்.

மே 25. சனி

பெப்பேயின் பெண்டாட்டி ரோசி இந்த ஊரில், இப்போது குடியிருக்கிற அதே தெருவில் பிறந்தவள். அவள் அப்பனும் இங்கேயே பிறந்தவன். இன்றைக்கு ஓட்டுக்குப் பேர் பதியப் போயிருக்கிறாள். 'உன் புருஷன் இத்தாலிக்காரன், அதனால் நீயும் இத்தாலிக்காரி, வீட்டுக்குப் போ' என்று அனுப்பிவிட்டார்களாம். அந்நியனைக் கட்டினால் பொம்பளை தன் குடியுரிமையை இழந்துவிடுவாள் என்று சட்டமே இருக்கிறதாம். அமெரிக்க ஆம்பளை யாரைக் கட்டினாலும் அவனுக்கு ஒன்றும் ஆகாதாம்.

பெப்பே கரி மண்வெட்டியைத் தரையில் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தான். "ராத்திரி முழுக்க அழுதா. நான் என்ன செய்ய?" என்றான்.

ஜூன் இருபத்திரண்டு கல்யாணம். நவம்பரில் தேர்தல். மூன்று வருஷம் மழையிலும் பனியிலும் கதவு கதவாகத் தட்டி வாங்கின ஓட்டை, ஒருதடவைகூடப் போடாமல் டெலியா இழக்கப் போகிறாள். என்னால்.

மே 28

விடிந்ததும் கோர்ட்டுக்குப் போனேன். நானே அமெரிக்கனாகிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது, இல்லையா? அங்கிருந்த குமாஸ்தா நல்ல மனுஷன்தான். புத்தகத்தைப் புரட்டினார். வெள்ளையர்கள் குடியுரிமை கேட்கலாம், ஆப்பிரிக்க வம்சத்தார் கேட்கலாம் என்று போட்டிருக்கிறதாம்.

"நீ வெள்ளையா?" என்றார்.

என் கையைப் பார்த்தேன். கரியைக் கழுவினாலும் அதேதான்.

"ஆப்பிரிக்காவா?"

"இல்லை, தூத்துக்குடி."

"அப்போ உனக்குப் பக்கமே இல்லையேப்பா" என்று வருத்தப்பட்டுப் புத்தகத்தை மூடிவிட்டார். சவத்த, இவ்வளவு பெரிய தேசத்தில் எனக்கு ஒரு வரி எழுத இடமில்லை.

ஜூன் 2. ஞாயிறு

யோசித்து யோசித்து மண்டை காய்ந்துவிட்டது. டெலியாவிடம் சொன்னால் என்ன ஆகும்? "ஓட்டு போகட்டும் போ" என்பாள், பிடிவாதக்காரி. இல்லாவிட்டால் "நீ போ" என்பாள். இரண்டையும் கேட்க எனக்குத் திராணி இல்லை. அவள் நவம்பரில் ஓட்டுப்போட வேண்டும், அப்புறம் என்னைக் கட்ட வேண்டும். இரண்டும் நடக்க ஒரே வழிதான் உண்டு.

இன்றைக்கு அவர்கள் வீட்டில் சாப்பிட்டு முடித்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன். "ஜூன் பாதியில எங்களுக்கு ஆனி மாசம் பிறக்குது. மூத்த பிள்ளையும் மூத்த பிள்ளையும் ஆனியில கல்யாணம் கட்டினா ஆகாது. டெலியா மூத்தவ. நானும் தலைச்சன்."

ஊரில் அப்படி ஒரு பேச்சு இருப்பது உண்மை. நான் தலைச்சன் என்பதுதான் பொய். நான் நாலாவது. என் மூன்று அண்ணன்மாரும் என்னை மன்னிக்கட்டும். மாசம் நாள் பார்த்துக் கல்யாணம் தள்ளினேன் என்று எங்கள் பங்குச்சாமியார் கேள்விப்பட்டால் பிரம்பை எடுத்துக்கொண்டு கப்பலேறி வருவார்.

கிழவர் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிலுவை போட்டுக்கொண்டார். "எங்க ஆத்தாளும் மே மாசக் கல்யாணம் ஆகாதுன்னு சொல்லுவா. பெரியவங்க சும்மாவா சொல்லுவாங்க?" என்று என் பக்கம் சேர்ந்துவிட்டார்.

டெலியா தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கோபமோ என்னவோ. கொஞ்ச நேரத்தில் உள்ளே பாட்டுச் சத்தம் கேட்டது. பொம்பளைகளை யாரால் புரிந்துகொள்ள முடியும்?

ஜூலை 14

ஆடி. இதற்குப் பொய்யே தேவைப்படவில்லை. ஆடியில் எங்கள் பக்கம் யாரும் கல்யாணம் வைப்பதில்லை என்றேன், கிழவர் "ஆடிக்கு என்ன காரணம்?" என்றார். காற்று என்றேன். ஒத்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 4. ஞாயிறு

ஆவணி நல்ல மாசம். அதுதான் சிக்கல். முகூர்த்தமெல்லாம் அதில்தான் வந்து குவியும். கிழவர் வேறு அவசரப்படுத்துகிறார், ஆகஸ்ட் கடைசியில் தங்கைகள் இரண்டு பேரும் வருகிறார்களாம், அப்போதே முடித்துவிடலாம் என்கிறார்.

"இந்த வருஷம் ஆவணியில ரெண்டு அமாவாசை வருது. அப்படி வந்தா அந்த மாசமே கழிச்சல்" என்று அடித்துவிட்டேன்.

டெலியா எழுந்து சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டிக்கிட்டே போனாள். அதில் நிலாப் படமெல்லாம் போட்டிருக்கும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது! விரலை வைத்து மேலிருந்து கீழே பார்த்தாள், ஒரு தாளைத் திருப்பிப் பார்த்தாள், திரும்பினாள். "ஆமாப்பா, முத்து சொல்றது சரிதான்" என்றாள்.

பாவம், நிலாக் கணக்குப் பார்க்கத் தெரியவில்லை அவளுக்கு. தப்பித்தேன்.

செப்டம்பர் 15

புரட்டாசியும் ஆகாது. கிழவர் இப்போதெல்லாம் என்னைக் கண்டாலே "இந்த மாசத்துக்கு என்ன?" என்கிறார்.

அக்டோபர் 12. சனி

டெலியா பேர் பதிந்துவிட்டாள்! புதுத் தொப்பி போட்டுக்கொண்டு வந்திருந்தாள். பிறந்த ஊர் எது என்று கேட்டார்களாம், "இதே தெரு" என்று உரக்கச் சொன்னாளாம். ஐப்பசியில் கல்யாணம் வைக்கலாம் என்று நான் வாய் தவறினமாதிரி சொன்னேன், நவம்பர் ஒன்பது என்று கிழவர் உடனே பிடித்துக்கொண்டார். தேர்தலுக்கு நாலு நாள் கழித்து. எல்லாம் நான் நினைத்தபடியே நடக்கிறது. நான் கெட்டிக்காரன்தான்.

அக்டோபர் 16

டெலியாவுக்குக் காய்ச்சல். ஊரெல்லாம் விழுந்து கிடக்கிற அதே விஷக்காய்ச்சல்.

அக்டோபர் 17

கஞ்சிப் பிரிவில் இரண்டு பெண்கள் செத்துப்போனார்கள். வேலை முடிந்து அவள் வீட்டுக்கு ஓடினேன். வாசலில் எச்சரிக்கைத் தாள் ஒட்டியிருக்கிறது. கிழவர் கதவைக் கையகலம் திறந்து, "வீட்டு ஆளுங்க தவிர யாரும் வரக்கூடாதாம்" என்றார்.

"நான் பார்க்கணும் அய்யா."

"நீ இன்னும் வீட்டு ஆள் இல்லையே, தம்பி." கோபமாகச் சொல்லவில்லை. அவர் கண்ணும் சிவந்திருந்தது.

நான் கெட்டிக்காரன் என்று எழுதின கையை முறிக்க வேண்டும். ஆனியில் கட்டியிருந்தால் இன்றைக்கு நான் அவள் பக்கத்தில் இருந்திருப்பேன், நெற்றித் துணியை நனைத்துப் போட்டுக்கொண்டிருந்திருப்பேன். ஓட்டாம் ஓட்டு. கூறுகெட்டவனே, அவளே இல்லாமல் போனால் யார் போய் ஓட்டுப்போடுவா? மாதாவே, அவளை விட்டுவிடு. நான் இனிப் பொய்யே சொல்லமாட்டேன்.

அக்டோபர் 18

சிரியாக்காரன் கடையில் சீரகமும் மிளகும் வாங்கி, பூண்டு தட்டிப் போட்டு, புளிக்குப் பதில் எலுமிச்சம்பழம் பிழிந்து ரசம் வைத்தேன். தூக்குவாளியைப் படியில் வைத்துவிட்டுத் தெருவுக்கு அந்தப் பக்கம் போய் நின்றேன். கிழவர் எடுத்து மோந்து பார்த்தார், இருமினார், உள்ளே கொண்டு போனார்.

அக்டோபர் 21

அதே. அவள் வாயைத் திறக்கவில்லையாம். வாளியை யார் காலி பண்ணினது என்று கேட்டேன். "வீணாகக் கூடாதுன்னு நான்தான்" என்றார் கிழவர்.

அக்டோபர் 23

ரெண்டு கரண்டி குடித்தாள்!

அக்டோபர் 25

கிழவர் ஜன்னலைத் தூக்கிக் கத்தினார்: "காரம் போதலன்னு சொல்றா!" நான் தெருவிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். போகிறவர்கள் பார்த்தால் பார்க்கட்டும்.

நவம்பர் 5. செவ்வாய்

காலையில் போனபோது டெலியா தொப்பியோடு வாசலில் நின்றாள். முகம் பாதியாகிவிட்டது, கண் மட்டும்தான் பழைய டெலியா. இன்னும் படுக்கையில் இருக்க வேண்டியவள். நடக்காதே என்று சொல்ல வாயெடுத்தேன். "பேசாதே" என்றாள். ஒரு பக்கம் நான், மறுபக்கம் கிழவர். தீயணைப்பு வண்டிக் கொட்டகையில்தான் ஓட்டுச்சாவடி. மூலைக்கு மூலை நின்று மூச்சு வாங்கினாள்.

சாவடி வாசலைத் தாண்டி நான் போகக்கூடாது. எதிர்ச்சாரியில் நின்றேன். வரிசையில் எங்கள் கஞ்சிப் பிரிவுப் பெண்கள், வயசான அம்மாமார்கள், பிள்ளையை இடுப்பில் வைத்தவர்கள் எல்லாரும் கோவிலுக்குப் போடுகிற நல்ல உடுப்பில் நிற்கிறார்கள். கிழவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, 'என் மகளுக்கு உடம்பு சரியில்லை, கொஞ்சம் வழி விடுங்கள்' என்று கெஞ்சுகிறார். போன வருஷம் வேண்டாம் என்று குத்தின மனுஷன்!

வெளியே வந்தவள் சாலையைத் தாண்டி நேரே என்னிடம் வந்தாள். "ரொம்பச் சின்ன வேலை, முத்து. ஒரு காலருக்குக் கஞ்சி போடுற நேரம்கூட ஆகல" என்றாள். அப்புறம் என் தோளில் முகத்தை வைத்து அழுதாள், சிரித்தாள், திரும்ப அழுதாள்.

வீட்டில் அவளுக்குக் கம்பளி போர்த்திவிட்டு உட்கார்ந்தோம். இனிமேல் சொல்லிவிடலாம் என்று நான் ஆரம்பித்தேன். "டெலியா, ஒரு விஷயம்..."

"உன் ஆவணியில ஒரே ஒரு அமாவாசைதான் முத்து" என்றாள் அவள்.

போர்த்தின கம்பளியையே இன்னொரு தடவை இழுத்துப் போர்த்திவிட்டேன்.

"மூணு வருஷம் வீடு வீடா ஓட்டைப் பத்திப் பேசினவளுக்கு அந்தச் சட்டம் தெரியாம இருக்குமா? எத்தனை பொம்பளைங்க அதைச் சொல்லி என்கிட்ட அழுதிருக்காங்க!"

"பின்னே ஜூன்னு உங்கப்பா நாள் குறிச்சப்போ ஏன் பேசாம இருந்தே?"

"எப்படிச் சொல்ல? ஓட்டுப் போடுறவரைக்கும் பொறுன்னு சொன்னா, உன்னைவிட அது பெரிசுன்னு நினைச்சிருவியோன்னு பயம். நீயா ஆனி ஆகாதுன்ன பாரு, அன்னைக்கே கோவில்ல மெழுகுவத்தி ஏத்தினேன். நீ நிஜமாவே நாள் பார்க்கிறவன்னு நம்பினேன். அமாவாசைப் பொய் சொன்னியே, அப்பத்தான் தெரிஞ்சுது நீ என்ன பண்றேன்னு."

"என்ன சட்டம்?" என்றார் கிழவர். அவருக்கு விளக்கிச் சொன்னோம். கேட்டுக்கொண்டே வந்தவர் சட்டென்று நிமிர்ந்தார். "இரு. இவன் ஊரை ஆளுறது யாரு?"

நான் தலையைச் சொறிந்தேன். "இங்கிலீஷ் ராஜாதான், அய்யா."

"அப்போ இவனைக் கட்டினா என் மக..."

"ராஜாவோட குடி ஆயிடுவேம்ப்பா" என்றாள் டெலியா.

அந்த முகத்தை எழுத எனக்குத் தெரியாது. அந்த ராஜாவுக்குப் பயந்து கடல் தாண்டி வந்த மனுஷன். எழுந்து போய்ச் சுவரைப் பார்த்து நின்றார். திரும்பி வந்து உட்கார்ந்தார். "ரசம் மிச்சம் இருக்கா?" என்றார்.

நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். "டெலியா, கல்யாணம் வேண்டாம். நான் எங்கேயும் போகமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை வருவேன், நடப்போம். நீ வருஷா வருஷம் ஓட்டுப் போடு. நான் எதிர்ச்சாரியில நிக்கேன்." மனசாரத்தான் சொன்னேன். சொல்லும்போதே நெஞ்சு வலித்தது, அதுவும் உண்மை.

அவள் கம்பளியை விலக்கிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எனக்கு அது போறதுல வருத்தமில்லைன்னு சொன்னா பொய். வயிறு எரியுது. ஒருநாள் இந்தச் சட்டத்தையும் மாத்துவோம், அதுக்கும் போய்க் கதவைத் தட்டுவேன். ஆனா காய்ச்சல்ல கிடந்தப்போ நீ வாசலுக்கு வெளியே நின்னே. எனக்கு இருமல் சத்தத்துக்கு நடுவுல நீ தெருவுல செருமுறது கேட்கும். இனி ஒருநாளும் நீ வெளியே நிக்கக்கூடாது. சனிக்கிழமை பத்து மணிக்குக் கோவில். மாசம் கிசம்னு எதையாவது எடுத்துக்கிட்டு வந்தே, தெரியும்."

நவம்பர் 10. ஞாயிறு

நேற்று முடிந்தது. தங்கைகள் வந்திருந்தார்கள், பெப்பேயும் ரோசியும் வந்திருந்தார்கள். ரோசி டெலியாவைக் கட்டிக்கொண்டு, "வா, நீயும் எங்க கூட்டத்துல சேர்ந்துட்டே" என்று அழுதாள்.

விருந்து முடிந்ததும் கிழவர் மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இரண்டு நாளாக அதை மனசில் ஒத்திகை பார்த்திருப்பார் போல. "டெலியா, எனக்கு ஒரு ஓட்டு இருக்கு இல்ல? இனிமே அது உன்னுது. யாருக்குப் போடணும்னு நீ சொல்லு, நான் போய்ப் போட்டுட்டு வாரேன்."

அந்த வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு! நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். டெலியா அவர் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். "வேண்டாம்ப்பா. இத்தனை காலமா அதைத்தானே சொன்னாங்க, அப்பன் ஓட்டுப் போடுறான், புருஷன் ஓட்டுப் போடுறான், உனக்கு எதுக்குன்னு. உங்க ஓட்டை நீங்களே யோசிச்சுப் போடுங்க." கிழவர் தலையை ஆட்டினார். புரிந்துதான் ஆட்டினார்.

வீட்டுக்கு நடந்து வந்தோம். இனி எங்கள் வீடு. அவளுக்கு இன்னும் மூச்சு வாங்குகிறது, மெதுவாகத்தான் வந்தோம். தெரு முக்கில் எனக்கு ஒரு ஆசை வந்தது, கேட்டுவிட்டேன்.

"அன்னைக்கு உள்ளே போய் யாருக்குப் போட்டே?"

நின்றாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"சொல்லமாட்டேன்" என்றாள்.

"நான் உன் புருஷன்டீ."

"அதனாலதான் சொல்லமாட்டேன். ஒண்ணே ஒண்ணுதான் போட்டிருக்கேன். அது என்னோடதாவே இருக்கட்டும்."

சரி என்றேன். இனிமேல் அதைக் கேட்கமாட்டேன்.